டிவிக்கு ஒரு சாக்கு

வேலாயுதம் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். இடப்பக்கத்து டிவி அணைந்தது. வலப்பக்கத்து டிவி எரிந்தது.

மறுபடி அமுக்கினார். வலது அணைந்தது. இடது எரிந்தது.

"ஏனுங்க, கண்ணாமூச்சி வெளையாடறீங்களா?" என்றாள் பாப்பம்மாள். "அங்க கோர்ட்டுல தீர்ப்புச் சொல்ற நேரமுங்க. அந்தப் புள்ளைக்கு விடுதலையா ஜெயிலான்னு தெரியாம என்ற நெஞ்சு அடிச்சுக்குது."

"என் சீரியல்ல நிச்சயதார்த்தம் மாமா," என்றாள் மருமகள் தாரணி. "மோதிரம் போடறப்ப ஆஃப் ஆயிடுச்சு."

வேலாயுதம் கைக்கு ஒரு ரிமோட்டாக வைத்துக்கொண்டு இரண்டு டிவிக்கும் எதிரே நின்றார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே இருபத்தொரு இன்ச். எந்த ரிமோட்டை அமுக்கினாலும் இரண்டும் கேட்டன. எரிவது அணையும், அணைந்தது எரியும். ஒன்றின் சத்தத்தைக் குறைத்தால் மற்றதும் வாயை மூடிக்கொள்ளும்.

ஒரு வீட்டு ஹாலில் எதற்கு இரண்டு டிவி என்று கேட்பீர்கள். எல்லாம் மரியாதை செய்த வேலை. மகன் ரவிக்குமாருக்கு ஆவணியில் கல்யாணம். சீர் வாங்கும் முன் சம்பந்தி முரளிதரன் நஞ்சன்கூட்டிலிருந்து போன் போட்டு, "உங்க வீட்டுல என்ன டிவி இருக்குதுங்க?" என்று விசாரித்தார். அதைவிடப் பெரிதாக வாங்கினால் மாப்பிள்ளை வீட்டாரை மட்டம் தட்டினதாக ஆகும். சின்னதாக வாங்கினால் பெற்ற பெண்ணுக்கே குறை. ஆகவே மனிதர் அச்சு அசலாக அதையே வாங்கி அனுப்பிவிட்டார். அதை உள்ளறையில் வைத்தால் சீரை ஒளித்து வைத்ததுபோல் இருக்கும் என்று பாப்பம்மாள் ஹாலில், பழைய டிவிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். ஆளுக்கு ஆள் மரியாதை பார்த்ததில் வீட்டில் யாரும் எதையும் பார்க்க முடியாமல் போயிற்று.

ஏழரை மணிக்கு மாமியாருக்குத் தமிழ் சீரியல். அதே ஏழரைக்கு மருமகளுக்குக் கன்னட சீரியல். தாரணி தமிழ்ப் பெண்தான். ஆனால் பிறந்ததும் படித்ததும் மைசூர்ப் பக்கமே என்பதால் வாயைத் திறந்தால் கன்னடம்தான் முந்திக்கொண்டு வரும்.

"தள்ளுங்க, நான் பார்க்கறேன்," என்றார் வேலாயுதம்.

அந்த வார்த்தையை அவர் சொல்லி ஐந்து மாதம் ஆகியிருந்தது. முப்பத்து நான்கு வருஷம் ஃபேக்டரியில் எலக்ட்ரிகல் ஃபோர்மேன். ஏப்ரலில் மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பார்ப்பார். சுவரில் ஒன்றும் கிடையாது. அதைப் பார்த்து முடிக்கக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆகும். கல்யாண வேலையைக்கூட ரவிக்குமாரே ஓடியாடிச் செய்தான். அப்பா கேட்டதற்குத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

இப்போது அவர் எழுந்து நின்று ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு பாப்பம்மாள் மருமகளைப் பார்த்தாள். மருமகள் மாமியாரைப் பார்த்தாள். முதல் முறைப்பு விழுந்துவிட்டது என்று வேலாயுதம் நினைத்துக்கொண்டார்.

அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. கொள்ளேகாலில் அவரும் அண்ணன் ஆறுமுகசாமியும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். ரேடியோவில் யார் எந்த ஸ்டேஷன் வைப்பது என்று இரண்டு பெண்டுகளுக்கும் பேச்சு வந்தது. பேச்சு வளர்ந்து, அடுப்பு இரண்டாகி, வாசல் இரண்டாகி, கடைசியில் இவர் மைசூருக்கே வந்து சேர்ந்தார். அண்ணன் தம்பி பேசி முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. ஒரு ரேடியோ அவ்வளவு செய்யுமானால் இரண்டு டிவி என்னதான் செய்யாது?

"ரெண்டு நாள்ல சரி பண்ணிடறேன்," என்றார்.

"அக்ரஹாரத்துல ஒரு மெக்கானிக் இருக்கார் மாமா, பசவராஜ்னு..."

"என்ற வீட்டு டிவிக்கு இன்னொருத்தன்கிட்டப் போறதா? நானூத்தி நாப்பது வோல்ட்டு பார்த்த கை இது கண்ணு."

முதலில் அடையாளம் கட்டினார். மாமியார் ரிமோட்டுக்கு மஞ்சள் நூல், மருமகள் ரிமோட்டுக்குச் சிவப்பு நூல். மனிதர்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. டிவிகளுக்குத் தெரியவில்லை.

பிறகு டிவிகளைப் பிரித்து ஹாலின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று வைத்தார். மாமியாரும் மருமகளும் நடுவில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். பாப்பம்மாள் தன் டிவியைப் பார்த்து அமுக்கினாள். ரிமோட்டின் சிக்னல் பொம்மை அலமாரிக் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, பின்னால் இருந்த தாரணியின் டிவி அணைந்தது.

"அத்தை, வேணும்னே பண்றீங்க அல்வா?" என்று, 'இல்லையா'வைக் கன்னடத்தில் கேட்டாள் தாரணி.

"நான் எதுக்குடியம்மா பண்றேன்? உன்ற டிவிக்கு முதுகுலயும் கண்ணு இருக்குதாட்ட இருக்குது."

வேலாயுதத்துக்கு இதுதான் பிடிபடவில்லை. மோட்டாரில் தீப்பொறி வந்தால் கண்ணுக்குத் தெரியும். சூடேறினால் கைக்குத் தெரியும். இந்த ரிமோட்டின் மூக்கில் எரிகிற வெளிச்சமோ கண்ணுக்கே தெரியாதாம். தெரியாத வெளிச்சத்தை எப்படி மறிப்பது? அன்று இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு அதையே யோசித்ததில், ரிட்டையரானதிலிருந்து ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்காதவர், எத்தனை தின்றோம் என்று தெரியாமல் ஆறு தின்றுவிட்டார்.

மறுநாள் சமையலறையிலிருந்து காலி அரிசிச் சாக்கை எடுத்து வந்தார். பாப்பம்மாள் ரிமோட்டை எடுக்கும்போதெல்லாம் தாரணியின் டிவி தலையில் சாக்கு விழும். வேலை முடிந்ததும் சாக்கை உருவிவிடலாம். இது நன்றாகவே வேலை செய்தது. சம்பந்தி வரும்வரை.

முரளிதரன் ஒரு தார் நஞ்சன்கூட்டு ரசபாளை வாழைப்பழத்தோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஹாலில் அவர் கண்ணில் முதலில் பட்டது, முக்காடு போட்ட தன் சீர்.

"என்னுங்க இது?"

"சாக்குங்க," என்றார் வேலாயுதம், உண்மையை மறைக்கத் தெரியாமல்.

"அது தெரியுதுங்க. பொன்னி அரிசின்னு எழுதியே இருக்குது. என் பொண்ணுக்குக் குடுத்த டிவிக்கு எதுக்குங்க சாக்கு? பக்கத்துல உங்க டிவி ஜம்முன்னு நிக்குது?"

"சாக்கு அப்பா, சாக்கு!" என்று ஓடி வந்தாள் தாரணி. கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். அப்பா, போதும், விடுங்கள் என்று சொல்ல வந்தாள் பாவம்.

"சாக்குன்னுதான் அவரும் சொல்றாரு, நீயும் சொல்றே! எதுக்குச் சாக்குன்னு ரெண்டு பேரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே!"

வேலாயுதம் இரண்டு ரிமோட்டையும் எடுத்து வெளிச்சத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்றதும் சம்பந்தியின் முகம் இன்னும் இறுகியது. யாரோ தன்னைக் கிறுக்கன் ஆக்குகிறார்கள் என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார்.

"ஜன்னல் வெயில் பட்டு ஸ்க்ரீன் கெட்டுடும்னு மாமாதான் பார்த்துப் பார்த்து மூடறார்ப்பா," என்றாள் தாரணி. "என் டிவி மேல மாமாவுக்கு அவ்வளவு அக்கறை."

வேலாயுதம் அசந்துவிட்டார். ஒரு நொடியில் கதை கட்டிச் சொல்லி மாமனாரின் மானத்தைக் காப்பாற்றுகிற பெண், மாமியாரோடு மட்டும் ஏன் இப்படி நிற்கிறாள்?

சம்பந்தி காபி குடித்தார். ஆனால் செருப்பைப் போடும்போது ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனார். "சின்னஞ்சிறுசுக தனியா ஒரு வீட்டுல இருந்தா இந்தச் சாக்கெல்லாம் வேண்டியதில்லைங்க."

அந்தத் 'தனியா' வேலாயுதத்தின் காதில் முள்ளாகத் தங்கிவிட்டது. ரவிக்குமாரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏண்டா, தனி வீடு கினி வீடு பார்க்கற யோசனை இருக்குதா?"

"மாமியா மருமக விஷயத்துல நான் தலையிட மாட்டேம்ப்பா," என்று அவன் ஸ்கூட்டரை உதைத்துவிட்டான். இல்லை என்று சொல்லவில்லை என்பதை வேலாயுதம் கவனித்தார்.

இதற்குள் தசரா வந்தது. ஆயுத பூஜைக்கு வீட்டில் உள்ள இரும்பு, கம்பி, சக்கரம் எல்லாவற்றுக்கும் மருமகள்தான் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஸ்கூட்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி. பரணிலிருந்து மாமனாரின் பழைய டூல் பையை இறக்கி, டெஸ்டருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் தனித்தனியாக வைத்தாள். தன் டிவிக்கு வந்தபோது எங்கே வைப்பது என்று யோசித்தாள். கீழே நடுவில் ஒரு சின்னக் கறுப்புச் சில்லு நெற்றி மாதிரி இருந்தது. அதில் அழுத்தி வைத்தாள்.

சாயங்காலம் அந்த டிவி எந்த ரிமோட்டுக்கும் அசையவில்லை.

"கெட்டுப் போச்சு மாமா," என்றாள், அழாத குறையாக.

வேலாயுதம் டெஸ்டரும் கையுமாகப் படுத்துக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்தார். சந்தனத்தைத் துடைத்தார். டிவி எரிந்தது. மறுபடி அப்பினார். செவிடாயிற்று. துடைத்தார், அப்பினார், துடைத்தார். பிறகு தரையிலிருந்து எழுந்து, "அட, பொட்டு!" என்று கத்தினார். மைசூர் ஊர்வலத்தில் யானை பார்த்த குழந்தைகூட அப்படிக் கத்தியிருக்காது.

ரிமோட்டின் வெளிச்சம் நுழைவது அந்தச் சில்லு வழியாகத்தான். சந்தனம் காய்ந்தால் உதிரும். அவர் மருமகளின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து இருப்பதிலேயே அகலமான மெரூன் பொட்டைக் கேட்டு வாங்கினார். அதன் பின்பக்கம் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை வட்டமாக வெட்டி ஒட்டினார். எந்த டிவி கேட்கக் கூடாதோ அதன் நெற்றிக்குப் பொட்டு. சத்தம் குறைக்க வேண்டுமா? அடுத்த டிவிக்குப் பொட்டு வை, குறை, பொட்டை எடு. சேனல் மாற்ற வேண்டுமா? அதே சடங்கு. கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் கச்சிதமாக நடந்தது.

மூன்று நாள் வீட்டில் சண்டையே இல்லை. வேலாயுதம் நிம்மதியாகப் போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். இட்லி மறுபடி ஒன்றரைக்கு இறங்கியது.

நான்காம் நாள் பொட்டைக் காணோம்.

"நீ எடுத்தியாடி?"

"நான் ஏன் எடுக்கறேன் அத்தை? நீங்கதான் நேத்து ரிமோட் வெச்சிருந்தீங்க."

தேடினால் பொட்டு குளியலறைக் கண்ணாடியில், தாரணியின் மற்றப் பொட்டுகளோடு வரிசையில் இருந்தது. வேலாயுதம் எடுத்து வந்து ஒட்டினார். மறுநாள் அரிசி டப்பா மூடியில் இருந்தது. அதற்கு மறுநாள் காலண்டரில் முருகன் நெற்றியில். அவர் பசை மாற்றினார். பொட்டுக்குக் கீல் வைத்து, தூக்கி இறக்குகிற மூடியாகச் செய்தார். கீல் கழன்றது. நூல் கட்டித் தூரத்திலிருந்து இழுக்கிற மாதிரி கப்பி போட்டார். நூல் அறுந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். அவர் டூல் பையை மறுபடி பரணில் ஏற்றவே இல்லை.

"இன்னொரு கப்பி போட்டுப் பார்க்கறேன்," என்றார் ஒருநாள்.

"சாக்கு மாமா, சாக்கு!" என்றாள் தாரணி கையெடுத்துக் கும்பிட்டு.

"ஆமா கண்ணு, நல்ல சாக்குதான்," என்ற பாப்பம்மாளுக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்து தாரணிக்கும் சிரிப்பு. இரண்டு நிமிஷம் முன்னால் சண்டை போட்டவர்களுக்கு இதில் என்ன சிரிப்பு என்று வேலாயுதத்துக்குப் புரியவில்லை.

மார்கழி பிறந்தது. அவரைக்காய் சீசன். ஒரு சாயங்காலம் புது ஸ்பிரிங் தேடி தேவராஜா மார்க்கெட் பக்கம் போனவர், கடை மூடியிருந்ததால் சீக்கிரமே திரும்பினார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஹாலில் ஒரே டிவிதான் ஓடிக்கொண்டிருந்தது. கன்னட சீரியல். மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவில் ஒரு குண்டான் வைத்து, ஊறின அவரைக் கொட்டையைப் பிதுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சிறுக்கி மோதிரத்தைக் கழட்டிடுவா பாரு," என்றாள் பாப்பம்மாள்.

"கழட்ட மாட்டா அத்தை, எவ்வளவு பந்தயம்?"

வேலாயுதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவலோடு கேட்டைத் திறந்தார். கேட் கிறீச்சிட்டது.

அவ்வளவுதான். உள்ளே இரண்டாவது டிவி எரிந்தது. "உன்ற டிவியை அமுத்துடி!" "முடியாது, உங்களதை அமுத்துங்க!" அவர் படியேறுவதற்குள் குண்டான் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

வேலாயுதம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். ஆக, டிவி இல்லை காரணம். நான்தான். நான் இல்லாதபோது சேர்ந்திருக்கிறார்கள், என் காலடி பட்டதும் சண்டை வருகிறது. முப்பத்து நான்கு வருஷம் காலையில் போய் ராத்திரி வந்தவன், இப்போது நாள் முழுக்க வீட்டில் கிடந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் நடுவே எழுப்பிய சுவர் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை இரண்டு ரிமோட்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். ஃபோர்மேன் வேலாயுதம் இன்னொருத்தரிடம் போவதா என்ற வீறாப்பெல்லாம் அக்ரஹாரம் சர்க்கிளைத் தாண்டும்போதே உதிர்ந்துவிட்டது. குடும்பம் ஒன்றாக இருந்தால் போதும்.

பசவராஜ் கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. நாலு பக்கமும் வயிறு திறந்த டிவிகள். சால்டரிங் வாசனை அடித்தது. தமிழ்க்காரர்கள் நிறைந்த தெருவில் வளர்ந்தவராதலால் பசவராஜ் தமிழிலேயே, "வாங்க சார், என்ன ப்ராப்ளம்?" என்றார்.

"ஒரே மாடல் டிவி ரெண்டு. ஒரு ரிமோட்டுக்கு ரெண்டும் கேக்குது. ஒண்ணுக்கு ஒண்ணு மட்டும் கேக்கற மாதிரி பண்ண முடியுங்களா? கஷ்டம்னு எனக்கே தெரியும். நாலு மாசமா ராப்பகலா மண்டையை உடைச்சுக்கிட்டேன்."

"கஷ்டமா? டிவிக்குள்ள ஒரு வயர் மாத்தணும், ரிமோட்டுக்குள்ள ஒரு வயர் வெட்டணும். அஞ்சு நிமிஷம் சார்."

வேலாயுதம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அஞ்சு நிமிஷம். பிறகு பையிலிருந்து ரிமோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார்.

பசவராஜ் எடுத்த ஸ்க்ரூடிரைவர் அந்தரத்திலேயே நின்றது. மஞ்சள் நூலைப் பார்த்தார். சிவப்பு நூலைப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், நீங்க வேலாயுதம் சாரா? ஃபேக்டரி ஃபோர்மேன்?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்படி..."

"மன்னிச்சுக்கங்க சார். இதை நான் தொட மாட்டேன். வாக்குக் கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

பசவராஜ் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"கல்யாணமான மறுவாரமே உங்க சம்சாரமும் மருமகளும் ஒரே ஆட்டோல வந்து, இந்த நூல் அடையாளத்தோட சொல்லிட்டுப் போனாங்க சார், 'அவர் கொண்டாந்தா சரி பண்ணிக் கொடுத்துடாதீங்க, ரிட்டையரான மனுஷரை அந்த நாற்காலியை விட்டு எழுப்ப எங்களுக்கு இருக்கிற ஒரே சாக்கு இதுதான்'னு!"